ஆட்டு வரிசையில் நின்ற மொடிசா

அன்பு மகள் கொராட்டாவுக்கு, அம்மா எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஆடுகள் சுகம், நாங்கள் இருக்கிறோம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நீயும் உன் தம்பியும் நானும் சேர்ந்து நம் நாய் மொடிசாவைச் செவிடாக்கிவிட்டோம்.

போன மாதம் பட்டியில் இருமல் வந்தபோது தம்பி துசோ உன்னைப் போனில் கேட்டான். "இருமல் நிக்கிற வரைக்கும் ஊசிய விடாதடா" என்றாய். லீட்ஸ் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. அவன் கேட்டது ஆட்டுக்கு, ஆனால் மொடிசா கண் திறக்கும் முன்பே ஆட்டு மடியில் பால் குடித்தவன், எண்ணும்போது அவனையும் சேர்த்துத்தானே முப்பத்தொன்று என்போம். அவனும் இருமினான். "இவனும் நம்ம ஆடுதானே, வரிசையில நில்லுடா" என்று சிரித்துக்கொண்டே துசோ அதே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியை ஆட்டு அளவிலேயே பன்னிரண்டு நாள் போட்டான். வயிற்றுப்போக்கில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தவன் ஊசியின்போது கடிக்காமல் வாயைப் பிடித்துக்கொண்டது நான்.

பதின்மூன்றாம் நாள் சீட்டி அடித்தேன், திரும்பவில்லை. திமிர் என்று திட்டினேன். மறுநாள் பட்டப்பகலில் நரி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போனது, ஆடுகள் அத்தனையும் கத்தின, அவன் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். மாட்டு டாக்டர் வந்து, "நல்ல மருந்துதாம்மா, ஆனா எடை பாக்காம, தண்ணி இல்லாத உடம்புல இத்தன நாள் போட்டா காதையும் சிறுநீரகத்தையும் தின்னுடும். சிறுநீரகம் தேறலாம், காது திரும்பாது" என்றார். பிறகு மருந்துப் பெட்டியில் கிடந்த தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன், அதிலும் அதுதான் இருக்கிறது. இப்போது துசோ, "காது கேக்காத காவலுக்கு எதுக்கும்மா கூழு?" என்கிறான், பக்கத்துப் பட்டிக்காரரிடம் துப்பாக்கிக்குச் சொல்லியும் வைத்திருக்கிறான். அலுத்துவிட்டது மகளே, ஆனாலும் விடமாட்டேன்.

கடவுள் உங்களைக் காக்கட்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. இனி டாக்டர் எடை பார்க்காமல் ஊசி கிடையாது, அது துசோ பொறுப்பு. வெள்ளிக்கிழமை ரத்தம் பார்க்க மொடிசாவை வண்டியில் ஏற்றுவதும், துப்பாக்கிப் பேச்சைத் திரும்ப வாங்குவதும் அவன்தான். நீ அவனுக்குப் போன் செய்து, ஆட்டுக்குச் சொன்னது நாய்க்கு அல்ல என்று உன் வாயால் சொல்ல வேண்டும், இனி யாருக்கு என்று கேட்காமல் மருந்து சொல்லக் கூடாது. தண்ணீர் வைப்பதும், சீட்டியை விட்டுவிட்டு மொடிசாவின் கண்ணுக்கு நேரே போய் நின்று கையசைப்பதும் நான். சாயங்காலம் எண்ணுவதும் நான். குட்டி போனதால் இப்போது முப்பது, மொடிசாவையும் சேர்த்து.

உன் அம்மா,
செகமெட்சி