நிறுத்திய இடம்

அடியே,

இந்தப் பாட்டு டப்பாவைப் பார்த்துச் சிரிக்காதே. பழைய லேப்டாப்பின் போர்டும், உன் தம்பி உடைத்த கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரும்தான். வார்டில் போன் கூடாது என்பதால் வயர்லெஸ் கார்டைப் பிடுங்கிவிட்டேன். அப்படியும் நர்ஸம்மா, "என்னப்பா, வெடிகுண்டா?" என்றார்.

ஒரே பட்டன். அழுத்தினால் பாடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். நிறுத்திய வரியிலிருந்தே அடுத்த முறை தொடரும். அதற்காகத்தான் மூன்று நாள் மல்லுக்கட்டினேன். நாற்பது முறை கரண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரே ஒரு முறை எல்லாவற்றையும் மறந்து முதல் பாட்டுக்குப் போய்விட்டது. ஏனென்று தெரியவில்லை. அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தலையில் ஆபரேஷன் செய்தால் சிலருக்கு மறதி வரும் என்று டாக்டர் சொன்னதற்கு நீ, "உன்னை மறந்துட்டா எனக்கு நிம்மதிடா" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். வெளியே வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

நாளைக் காலையில் உன்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வரும்போது பாட்டை நடுவில் நிறுத்து. முடியவிடாதே. நீ கண் விழித்ததும் நானே பட்டனை அழுத்துவேன்.

பெட்டி மறந்தால் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியும். நீ மட்டும் மரியாதையாக, "யாருங்க நீங்க?" என்று கேட்டுவிடாதே. 'டா' போட்டே கூப்பிடு.

உன்
டப்பா மெக்கானிக்