மூலைக்கல்லுக்குள் என் கையெழுத்து

எல்டன் குரோவ்,
1909 அக்டோபர் 13, புதன் இரவு

அன்புள்ள லூதருக்கு,

உங்கள் இடெல்லா எழுதிக்கொள்வது. தேவன் உங்களைக் காக்கட்டும். இந்தக் கடிதத்தைக் கடைசி வரிவரை படித்த பிறகே ரயில் ஏறுங்கள்.

நம் குழந்தை நெட்டிக்கு இருமல் குறையவில்லை. இருமும்போது விலா உள்ளே போய்விடுகிறது. வெங்காயத்தை வதக்கி மார்பில் கட்டுகிறேன். டாக்டர் வருகிறேன் என்றார், வரவில்லை.

திங்கட்கிழமை திருமதி ஹார்லன் வந்தார். ஊர் உண்டாகி இருபத்தைந்து ஆண்டு ஆகிறதல்லவா, புது நகர மண்டபத்தின் மூலைக்கல்லுக்குள், பின்னால் வருபவர்கள் திறந்து பார்க்க, தகரப் பெட்டி வைக்கிறார்களாம். அதில் போட, முதலில் குடியேறியவர்களின் பட்டியல் வேண்டுமாம். காலேஜில் படித்த கையெழுத்து எனக்குத்தானே இருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினொரு குடும்பம். உங்கள் அப்பா ஜெப்தாவின் பெயர் வரவில்லை. ஊரின் முதல் கிணற்றை வெட்டியவர் ஜெப்தாதானே, இன்றும் எல்லோரும் குடிப்பது அந்தத் தண்ணீர்தானே என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதா, இடெல்லா? கமிட்டி ஆம்பளைங்க வேண்டாம்னுட்டாங்க. நீ பிள்ளைக்காரி, உனக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

பிள்ளை என்றதும் தளர்ந்துவிட்டேன். சொன்னபடி கேட்டால் டாக்டர் வருவார், நம்மை வம்பு செய்யாமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். எழுதிக் கொடுத்தேன், லூதர். அழகாக, ஓர் அடித்தல் இல்லாமல். மை காயும்வரை காத்திருந்து, காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, வாசலுக்குப் போன பிறகுதான் அதைச் சொன்னார். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் கறுப்பர் வீடு நான்கும் காலியாக வேண்டும். அதன்பின் இருட்டினால் நம்மவர் எவரும் ஊருக்குள் இருக்கக் கூடாது. வெள்ளைக்காரர்கள் கூடி ஓட்டுப் போட்டு முடிவு செய்தாயிற்றாம். நம் வீட்டுக்கு அவர் மகன் வரப்போகிறான்.

"பாத்திரமெல்லாம் எடுத்துக்கோ. அடுப்பை விட்டுட்டுப் போ, கனமா இருக்கும்" என்று அக்கறையாகச் சொன்னார்.

நேற்று கல்லை வைத்துப் பூசிவிட்டார்கள். என்றைக்காவது அதைத் திறப்பவர்களுக்கு, நாம் இங்கே இருந்ததே இல்லை என்று என் கையெழுத்து சொல்லும்.

இதைத் தபால் நிலையத்தில் கொடுக்கப் பயம். நாளைக் காலை உங்கள் பக்கம் வரும் ரயிலில் வேலை பார்க்கும் போர்ட்டர் சைலஸ் அண்ணனிடம் தருகிறேன். வெள்ளிக்கிழமை மற்ற மூன்று குடும்பத்தாரோடு குதிரை வண்டியில் அடுத்த ஊரான மார்லோவுக்குப் போகிறோம். ஒன்பது மைல், இந்தக் குளிரில். அங்கே நம் சபையில் தங்க இடம் கேட்டிருக்கிறோம்.

வேலை முடிந்து நீங்கள் வரும் ரயில் சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் இங்கே வரும். ஆப்பிள் தோப்பு வளைவில் வேகம் குறைந்ததும், வழக்கம்போல நம் ஜன்னல் விளக்கைப் பார்த்துக் குதித்துவிடுவீர்கள். அன்றைக்கும் அங்கே விளக்கு எரியும். அதை ஏற்றியது நான் இல்லை. குதிக்காதீர்கள். அசையாமல் உட்கார்ந்திருங்கள். மார்லோவில் இறங்குங்கள்.

நெட்டி அதுவரை தாங்குவாளா தெரியவில்லை. ஜெபம் பண்ணுங்கள். அப்பா பெயரை விட்டதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். நேரில் வந்து திட்டுங்கள்.

உங்கள்,
இடெல்லா