அவன் பெயரைக் கேட்காதே

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஃபோனில் பேச ஆரம்பித்தால் நீ கோபப்படுகிறாய், நான் அழுதுவிடுகிறேன், பாதியில் வைத்துவிடுகிறோம். எழுதினால் கடைசிவரை படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்றும் அதையேதான் கேட்டாய். "அந்தப் பையன் பேர் என்னன்னு மட்டும் சொல்லும்மா" என்று. பெயரைச் சொல்ல மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரியில் ஃப்ளூ காய்ச்சல் பரவ ஆரம்பித்ததும் விடுதியை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். வார்டன் என்ற முறையில் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு வீட்டுக்குக் காய்ச்சலைக் கொண்டுபோவார்கள் என்று பயந்தார். மேல்மாடியைக் காலி செய்து காய்ச்சல்காரர்களை அங்கே வைத்தார். ஜன்னல்களைத் திறந்துபோட்டார். முதல்வரிடம், "பரீட்சையை அடுத்த மாசம் வெச்சுக்கலாம் சார், பிள்ளைங்களை எங்க போய் வாங்குறது?" என்று கேட்டாராம். ஒரு பரீட்சையாவது நடக்கட்டும் என்றார் முதல்வர்.

அந்த ஒரு பரீட்சைக்குத்தான் நீ கேட்கும் அந்தப் பையன் மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தான். போன வருஷம் தோற்ற பாடம். அதன்பிறகு கீழ்மாடியிலும் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். அவன் குளியலறையில் விழுந்து கிடந்தபோது மற்றப் பையன்கள் கிட்டப் போகப் பயந்து நின்றிருக்கிறார்கள். அப்பாதான் தூக்கினார். வாந்தி பட்ட சட்டையைக் கழற்றித் தன் சட்டையைப் போட்டுவிட்டு, நம் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

நான் தடுக்கவில்லையா என்று கேட்கிறாய். ஆஸ்துமா உள்ள மனுஷனைத் தடுக்காமல் இருப்பேனா? எனக்குத் தொற்றக்கூடாது என்று அவர் விடுதி ஆபீஸிலேயே படுத்துக்கொண்டார். காலையில் நம் வீட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்பார். "புது மாப்பிள்ளை மாதிரி தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போறேன்" என்று சிரிப்பார். வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்களேன் என்று கெஞ்சினேன். "யாராவது ஒருத்தர் அதுங்க நெத்தியைத் தொட்டுப் பார்க்கணும்ல" என்றார். இருமிக்கொண்டேதான் சொன்னார்.

பிள்ளைகள் எல்லோரும் பிழைத்துவிட்டார்கள். அப்பாவைத்தான் கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. உனக்கு விடுப்புக் கிடைப்பதற்குள் நம் வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் அப்பாவுக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியதும், "அந்தப் பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டதாக நர்ஸ் வந்து சொன்னாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தேன். என்னைப் பற்றிக் கேட்கவில்லை, உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அவன் இப்போது தினமும் சாயங்காலம் வந்து நம் வீட்டுப் படியில் உட்காருகிறான். கதவைத் தட்டுவதில்லை. உடம்பு இளைத்துத் துரும்பாகிவிட்டான். நேற்றுக் கதவைத் திறந்தேன். எழுந்து நின்று, "என்னைத் திட்டுங்கம்மா" என்றான். திட்டவும் வரவில்லை, உள்ளே வா என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றேன். இருட்டிய பிறகுதான் அவன் இறங்கிப்போகும் சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் நீ வரும்போதும் அங்கே இருப்பான். அவனைத் தாண்டித்தான் நீ உள்ளே வரவேண்டும். பெயரைக் கேட்காதே, கண்ணா. "சாப்பிட்டியா?" என்று கேள். அப்பா இருந்திருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். என்னால் முடியவில்லை. நீ கேட்டுவிட்டால், அவனுக்கும் சேர்த்து நான் தட்டு வைத்துவிடுவேன்.

பத்திரமாக வந்து சேர். நீ நன்றாக இருக்கவேண்டும். எல்லாப் பிள்ளைகளும் நன்றாக இருக்கவேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா