காசைத் துடைத்த கை

பிப்ரவரி 3

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தொலைபேசியில் உன்னிடம் வாய்கொடுத்து மீள முடியாது என்பதால் கடிதம்.

நான் சேர்த்துவைத்திருக்கும் பழைய காசுகளிலேயே நல்ல வெள்ளிக்காசை, காசுகளின் தரத்துக்கு மதிப்பெண் போடும் உன் நிறுவனத்துக்கே மதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். வாங்கிய நாளிலிருந்து அதன் விளிம்பைத் தவிர வேறெங்கும் என் விரல் பட்டதில்லை. சின்ன வயதில் நீ ஒரு காசின் முகத்தைத் தொட்டதற்கு வீடே இரண்டாகும்படி கத்தியவன் நான். நல்ல மதிப்பெண் வரட்டும், உன் வேலையைப் பற்றி அடித்த கேலியெல்லாம் வாபஸ்.

நீ எழுதுவதே இல்லை என்று உன் அம்மாவுக்குக் குறை. எனக்கும் உண்டு, வெளியே சொல்லமாட்டேன்.

உன் அப்பா

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உறவினர்களின் காசை நாங்கள் மதிப்பிடக்கூடாது. வேறு மூவர் பார்த்தார்கள். யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. தனித்தனியாகப் பார்த்தும் முடிவு ஒன்றுதான்: மதிப்பெண் கிடையாது. காசை மூடி முத்திரையிட்டுத் தரும் உறையின் மேல் ‘துடைக்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கும். துடைத்துப் பளபளப்பாக்கிய பழங்காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அதன் பிறகே நான் பார்த்தேன். கைமாறிக் கைமாறித் தேய்ந்திருந்தால் அது தேய்மானம், அதற்கு மதிப்பெண் உண்டு. இது வேறு. விளக்கடியில் சாய்த்தால் முகமெங்கும் மயிரிழைக் கீறல்கள் மின்னுகின்றன. பழைய கீறல் உள்ளே கறுத்திருக்கும். இவை பளிச்சென்று இருக்கின்றன. சமீபத்தில்தான் யாரோ பற்பசை மாதிரி எதையோ வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். எனக்கே மனசு கேட்கவில்லை, அப்பா.

உங்கள் வாயாடி

மார்ச் 6

வாயாடிக்கு,

ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். உன் அம்மாதான். பாத்திரத்தோடு பாத்திரமாக இதையும் தேய்த்திருக்கிறாள். கேட்டால், “உங்க அலமாரிப் பக்கமே நான் போறதில்லையே” என்கிறாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். காசு தானாகவா பல் விளக்கிக்கொண்டது?

அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். சமையலும் தனித்தனி. நீயும் அவளுக்குப் பரிந்து எழுத வேண்டாம்.

அப்பா

மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா போனில் அழுதாள். உறைக்குள் போகும் முன் காசை இன்னொரு முறை பார்த்தேன்.

அந்தக் கீறல்கள் வில்லாக வளைந்தவை. கட்டைவிரலால் தேய்த்தால் அப்படித்தான் விழும். வலது கை என்றால் ஒரு பக்கம் வளையும், இடது கை என்றால் மறுபக்கம். இது இடது கை. அம்மாவுக்கு இடது கையால் ஒரு பூட்டைத் திறக்க வராது. நம் வீட்டில் இடது கைக்காரர் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. உங்களுக்கு நினைவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள். அதற்கு முன் அம்மாவிடம் பேசுங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 10

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். பிறகு, உன் வாயை அடைக்கலாம் என்று வேறொரு காசை எடுத்து விளக்கடியில் சாய்த்தேன். அதிலும் வளைவு. அடுத்ததிலும். என் இடது கட்டைவிரலை மேலே வைத்து ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் அதே வளைவு. எப்போது செய்தேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டும் ஒன்றும் வரவில்லை.

உன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “இப்பவாவது கேக்கத் தோணிச்சே, வாங்க சாப்பிட” என்றாள். டாக்டரையும் பார்த்தோம். தலையைப் படம் எடுக்க வேண்டுமாம். அலமாரிச் சாவி இப்போது அவளிடம். நான் கேட்டாலும் தரக்கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. இதையெல்லாம் மறந்து, காசைத் துடைத்தது யார் என்று கேட்டு நான் மறுபடியும் உனக்கு எழுதக்கூடும். அம்மாவைத் திட்டிக்கூட எழுதலாம். விளையாடுகிறேன் என்று நினைக்காதே. பாவம் பார்த்து மழுப்பவும் வேண்டாம். இதே பதிலை இதே கண்டிப்போடு எழுது. அன்றைக்கு உன் அம்மாவுக்கு வேறு சாட்சி இருக்காது.

உன் அப்பா