கம்பெனி பஸ் போன பிறகு

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கை வீக்கம் வற்றிவிட்டது. பாத்ரூமில் வழுக்கியது என்று போனில் சொன்னேனே, கேட்பவர்களிடம் நீயும் அப்படியே சொல். இனி போனில் எதுவும் கேட்காதே. உன் தம்பி ஸ்பீக்கரில் போட்டுத்தான் கையில் தருகிறான்.

சர்ச்சுக்குப் போய் வெகுநாளாகிறது. பகல் சாப்பாடு பக்கத்து வீட்டு ஷஹீன் பானு தருகிறாள். ஜன்னல் கம்பிக்குள் தட்டு நுழையாது என்று சப்பாத்தியைச் சுருட்டி நீட்டுவாள். இந்தக் கடிதமும் அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. வாசல் பக்கம் சத்தம் கேட்டால் தாளை மடியில் ஒளித்துக்கொள்கிறேன்.

அவள்தான் விசாரித்து வந்தாள். "வயசானவங்களுக்குன்னே சட்டம் இருக்குதும்மா. ரெவின்யூ ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மனு குடுக்கணும். உங்களால போவ முடியலன்னா, நீங்க சொல்லி உங்க பொண்ணு குடுக்கலாமாம்" என்றாள்.

கொடு. ஆனால் உடனே கொடுத்துவிடாதே. மனு கொடுத்தால் அவன் பேருக்கு நோட்டீஸ் இந்த வீட்டுக்குத்தான் வரும். அவன் அதைப் படிக்கும்போது நான் இங்கே இருக்கக் கூடாது. முதலில் என்னைக் கூட்டிக்கொண்டு போ. மனுவைப் பிறகு பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. வேலை நாளில், அவனும் மருமகளும் ஏறிய கம்பெனி பஸ் மாதனூரைத் தாண்டிய பிறகு வா. என் துணிகளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன்.

வரும்போது பூட்டு உடைக்கிற ஆளையும் கூட்டி வா. சாவி அவர்களோடு பஸ்ஸில் போய்விடுகிறது.

உன் அம்மா