உள்ளே டீச்சர், வெளியே வகுப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை, நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் "வாங்க மந்திரியம்மா" என்கிறார்.

போனில் நீ அழுததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலையை ராஜினாமா செய்துவிட்டு எங்களோடேயே வந்து இரும்மா, உனக்கென்று ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறேன் என்றாய். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கும் அந்த எண்ணம் வந்ததுதான். கொரோனாவுக்குப் பிறகு மூன்றாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியவில்லை, மேலிடமோ மூன்றாம் வகுப்புப் பாடத்தை முடித்துவிட்டீர்களா என்று கேட்கிறது. பகலெல்லாம் எழுத்து சொல்லித்தருவது, சாயங்காலம் வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாக நடை, அதற்குமேல் பாடம் நடத்தியதற்குச் சாட்சியாகச் செயலியில் போட்டோ ஏற்றுவது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. போன வாரம் வகுப்பிலேயே மேஜைமேல் தலை சாய்த்துத் தூங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால் ஒரு பிள்ளையையும் காணோம், கதவு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. நான் வாயாடி என்று கூப்பிடும் சிறுமி ஒருத்தி இருக்கிறாள், அவள்தான் டீச்சருக்கு அது வந்துடுச்சு என்று எல்லாரையும் வெளியே கூட்டிப்போய், மூக்கையும் வாயையும் கட்டவைத்து, கை தூரம் இடைவெளி விட்டு மரத்தடியில் உட்காரவைத்திருக்கிறாள். ஜன்னல் வழியாக, "டீச்சர், மூச்சு விட முடியுதா, வாசனை தெரியுதா" என்று விசாரணை வேறு. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. காய்ச்சல் இல்லை பாப்பா, களைப்புதான் என்றேன். "அப்ப எங்க தாத்தா மாதிரி போய்ட மாட்டீங்களே" என்று கேட்டு உறுதி செய்துகொண்டுதான் தாழ்ப்பாளைத் திறந்தாள். அவள் தாத்தா கொரோனா வந்த வருஷம் போனவர்.

மறுநாளே தலைமையாசிரியரிடம் போனேன். எழுத்து தெரியாத பிள்ளைக்கு எழுத்துதான் சொல்லித்தருவேன், போட்டோ வேலையை வேறு யாராவது பார்க்கட்டும், இத்தனை வருஷம் எடுக்காத விடுப்பில் ஒரு மாதம் இப்போதே வேண்டும் என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். முணுமுணுத்தார், நான் நகரவில்லை. கடைசியில், "நானும் ஒருநாள் இப்படிக் கேக்கணும் டீச்சர்" என்று கையெழுத்துப் போட்டார். என் வகுப்பை அவரே பார்த்துக்கொள்வார்.

அடுத்த வாரம் அப்பாவோடு வருகிறேன். ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிடாதே, என்னைத் தூங்கவிடு. அப்பா பேச்சுக்குத் தலையாட்ட மாப்பிள்ளையைத் தயார் செய்து வை. இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது நிறைவாக இருக்கவேண்டும். ஒன்று மறக்காதே, அந்த அறைக்குக் கட்டில் போதும், அலமாரி வாங்காதே. எந்தக் கிழமை திரும்பி வருவேன் என்று வாயாடியிடம் சொல்லியாயிற்று, அவள் ஊருக்கே சொல்லிவிட்டாள்.

உன் அம்மா