போரானின் காதுகள்

அன்புள்ள அப்பா,

உங்கள் கைகளை முத்தமிட்டு செனெம் எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

நம் மந்தையில் பிறந்து என்னோடு வந்த நாய்க்குட்டி போரானுக்கு இப்போது ஏழு மாதம், நாற்பது கிலோ. போன வாரம் கொஞ்சம் நொண்டினான். பயப்படாதீர்கள், வேகமாக வளர்வதால் எலும்பு வலிக்கிறதாம். அவன் படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், இரண்டு மாடியும் நானே அவனைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறேன். கீழ்வீட்டு பெரிஹான் அக்கா, "ஏண்டி, கன்னுக்குட்டியைத் தூக்கிட்டு எங்க கிளம்பிட்ட?" என்று சிரிக்கிறாள்.

"மந்தை நாய்க்குக் காது இருந்தா ஓநாய் கவ்விப் பிடிச்சுக்கும், வெட்டிடு" என்று போனில் மறுபடியும் சொன்னீர்கள். இஸ்மிர் நகரத்தில் ஏது அப்பா ஓநாய்? வெட்ட மாட்டேன். ஊர் மேய்ப்பர்கள் எல்லாரும் கூடிச் சிரிக்கட்டும், வெட்டவே மாட்டேன்.

சிமெண்டுத் தரையில் படுத்துப் படுத்து அவன் முழங்கை காய்த்துப்போயிருக்கிறது. உங்கள் பழைய கம்பளி அங்கியை அனுப்பி வையுங்கள். துவைக்க வேண்டாம். அவனுக்குத்தான், எனக்கில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். போனில் உங்கள் குரல் கேட்டால் போதும், இரண்டு காதையும் தூக்கிக்கொண்டு வாசல் கதவுக்கு ஓடுகிறான். "வெட்டிடு" என்று நீங்கள் சொன்னபோதும் அப்படித்தான் ஓடினான்.

உங்கள் பிடிவாதக்காரி,
செனெம்